கோச்சை மாற்றினால் கப்பு வருமா?

பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரி செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கும் சூளகிரிக்குக் கால்பந்தில் தனக்கென்று ஒரு தொழில்முறை அணி கிடையாது. ஆனால் இரண்டு அணிகளின் எல்லையில் அது இருக்கிறது. பெங்களூரு எஃப்சி ஆடும் கண்டீரவா அரங்கம் சுமார் 65 கிலோமீட்டர் தூரத்தில். சென்னையின் எஃப்சி ஆடும் நேரு அரங்கம் அதைவிட நான்கு மடங்கு தள்ளி. மாநிலம் ஒரு பக்கம் இழுக்க, பஸ் ரூட் இன்னொரு பக்கம் இழுக்கும். இந்த வட்டாரத்தில் முதல் விளையாட்டு கிரிக்கெட்தான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் சிப்காட் வளாகங்களுக்கு அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் தங்கள் அணிகளையும் கூடவே கொண்டுவந்திருக்கிறார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஏற்கெனவே கலந்து புழங்கும் இடத்தில் இந்தியும் அசாமியும் சேர்ந்திருக்கின்றன. இந்தியன் சூப்பர் லீக் எனப்படும் ஐஎஸ்எல்லில் ஓர் அணி தலைமைப் பயிற்சியாளரைத் தேடுகிறது என்ற செய்தி வந்தால், இத்தனை பேருக்கும் அதில் சொல்ல ஏதாவது இருக்கும். யாரை எடுக்கலாம், யாரை எடுக்கக் கூடாது, போனவர் ஏன் போனார் என்று ஷிப்ட் முடிந்த பின்னும் பேச்சு நீளும். ரசிகர்களின் இந்த விவாதத்தை வெட்டிப்பேச்சு என்று தள்ளுபவர்கள் உண்டு. என் பார்வையில் அது கிளப்புகளுக்கே இல்லாத ஒரு பலத்தைக் கொண்டது. அந்தப் பலத்தையே வீணாக்கும் ஒரு பெரிய குறையும் அதில் இருக்கிறது.

பலம் என்று நான் சொல்வது நினைவை. இந்தியக் கால்பந்தில் கோச்சுகள் ஒரே வட்டத்துக்குள் சுற்றுபவர்கள். இன்று பெங்களூரு, நாளை கொல்கத்தா, அடுத்த வருடம் ஜாம்ஷெட்பூர். கிளப் நிர்வாகிகளும் அதே வேகத்தில் மாறுவதால், போன முறை என்ன நடந்தது என்பதை ஒழுங்காக நினைவில் வைத்திருப்பவர் பெரும்பாலும் ரசிகர்தான். கார்லஸ் குவாட்ராத்தை எடுத்துக்கொள்வோம். 2018-19இல் பெங்களூருக்கு ஐஎஸ்எல் கோப்பையை வென்று தந்தவர்; 2021 ஜனவரியில் தொடர்ந்து மூன்று தோல்விகளுக்குப் பிறகு அதே கிளப்பிலிருந்து வெளியேறினார். பின்னர் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய் 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பையை வென்றார். அதே ஆண்டு செப்டம்பரில், லீக்கின் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றதும் ராஜினாமா செய்தார். பெங்களூரு ரசிகருக்கு இந்தக் கதையின் முதல் பாதி தெரியும், வங்காளத்துத் தொழிலாளிக்கு இரண்டாம் பாதி தெரியும். காலித் ஜமீலைப் பற்றி ஓசூர்க்காரர் ஒருவருக்கு அதிகம் தெரிந்திருக்காது. ஆனால் 2020-21 சீசனின் நடுவில் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டை இடைக்காலமாகக் கையிலெடுத்து அவர் பிளேஆஃப் வரை கொண்டுபோனதை அசாம் இளைஞர் ஆட்டம் ஆட்டமாகச் சொல்வார். ஓவன் காயல் சென்னையை விட்டுப் போன பிறகு 2021-22இல் ஜாம்ஷெட்பூரை லீக் ஷீல்டு வெல்ல வைத்ததை ஜார்கண்ட்காரர் சொல்வார். சென்னைக்குள்ளேயே நடக்கும் விவாதத்தில் எல்லோரும் ஒரே அணிக்காரர்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் குறுக்கே கேட்க மாட்டார். சூளகிரி மாதிரி இடத்தில் எதிர்க்கட்சி பக்கத்து நாற்காலியிலேயே இருக்கிறது. ஆதாரம் இல்லாமல் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு அங்கே தப்ப முடியாது. தொழிற்பேட்டைகள் தற்செயலாக உருவாக்கித் தந்த இந்தச் சூழல் கால்பந்துக்கு ஒரு நல்ல கொடை.

இத்தனை நினைவு இருந்தும் விவாதம் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் போய் முட்டுகிறது: ஆள் யார்? பெயர் எவ்வளவு பெரியது? இதில் ரசிகரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, லீக்கே அப்படித்தான் பழக்கியது. ஐஎஸ்எல்லின் ஆரம்ப ஆண்டுகளில் கோவாவுக்கு ஜீக்கோ, டெல்லிக்கு ராபர்டோ கார்லோஸ், மும்பைக்கு அனெல்கா, சென்னைக்கு மட்டெராசி என்று உலகப் புகழ்தான் கோச் பதவிக்கான முதல் தகுதிபோல நடந்துகொண்டார்கள். அந்த மோகம் எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்பது 2025 ஜூலையில் தெரிந்தது. மனோலோ மார்க்கெஸ் விலகியபின் இந்திய அணிக்குக் கோச் தேடியபோது 170 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் ஸ்பெயின் ஜாம்பவான் ஷாவியின் பெயரும் இருப்பதாகச் செய்தி பரவியது. ஊதியம் கட்டுப்படியாகாது என்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவரை விட்டுவிட்டது என்றும் சொன்னார்கள். நாடு முழுக்க ரசிகர்கள் கொதித்தார்கள். பிறகுதான் ஷாவி பெயரிலும் கார்டியோலா பெயரிலும் வந்த மின்னஞ்சல்கள் போலி என்று கூட்டமைப்பு அறிவித்தது. மின்னஞ்சலின் உண்மையைச் சரிபார்க்காதது கூட்டமைப்பின் தவறு. அந்தச் சில நாட்களில் ரசிகர்கள் என்ன பேசினார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. ஷாவி வந்தால் இந்திய அணியில் எதைச் செய்வார், பந்தை வைத்து ஆடும் அவருடைய பாணிக்கு நம்மிடம் எந்த வீரர்கள் இருக்கிறார்கள், ஆண்டுக்குச் சில வாரம் மட்டுமே கூடும் ஒரு தேசிய அணியில் அந்தப் பாணியை எப்போது கற்பிப்பது என்ற கேள்விகளைக் கேட்டவர்கள் மிகச் சிலர்.

மட்டெராசி கோப்பை வென்றாரே என்று சென்னை ரசிகர் உடனே கேட்பார். வென்றார்தான். 2015 டிசம்பரில் ஃபடோர்டாவில் கோவாவை 3-2 என்று வீழ்த்தியதை யாரும் மறுக்க முடியாது. அடுத்த ஆண்டு அதே மட்டெராசியின் கீழ் அதே அணி எட்டு அணிகளில் ஏழாவதாக முடித்தது என்பதும் உண்மை. மட்டெராசிக்குப் பிறகு சென்னையின் கோச்சான ஜான் கிரெகரியின் கதை இன்னும் தெளிவானது. 2018 மார்ச் 17 அன்று கண்டீரவாவில் நடந்த இறுதி ஆட்டம் இந்த எல்லைப்பகுதியில் இன்றும் ஆறாத ஒன்று. லீக்கில் பெங்களூரு 40 புள்ளிகளோடு முதலிடம், சென்னை 32. ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி கோல் போட்டார். அதன்பின் இடைவேளைக்குள் இரண்டு கார்னர்கள் வந்தன. இரண்டிலும் மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். இரண்டாம் பாதியில் ராஃபேல் அகஸ்டோ மூன்றாவதை அடித்தார், சென்னை 3-2 என்று வென்றது. அன்றிரவு கிரெகரி மேதை, பெங்களூரு கோச் ஆல்பர்ட் ரோகா கோட்டைவிட்டவர். அடுத்த சீசனில் சென்னை 18 ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்று 9 புள்ளிகளோடு கடைசி இடத்தில் முடித்தது, அதே கிரெகரியின் கீழ். முந்தைய சீசனில் தடுப்பாட்டத்தில் நின்ற சேரெனோ அணியில் இல்லை. நடுகளத்தைத் தாங்கிய தனபால் கணேஷ் காயத்தால் சீசன் முழுக்க உட்கார்ந்திருந்தார். கோச்சின் திறமை ஒரே ஆண்டில் ஆவியாகிவிட்டது என்று நம்புவதைவிட, அவர் கையிலிருந்த அணி மாறிவிட்டது என்பதுதான் பொருத்தமான விளக்கம். ரோகாவோ, இறுதி ஆட்டம் தோற்ற அடுத்த மாதமே பெங்களூருக்குச் சூப்பர் கோப்பையை வென்று தந்துவிட்டுத்தான் விடைபெற்றார். இரண்டு கார்னர்களின் கணக்கில் அவரை எடைபோட்டவர்கள் ஒரு வருட வேலையைக் கண்டுகொள்ளவில்லை.

இந்தத் தவறு நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. பாஸ் டெர் வீல் என்ற பொருளியலாளர் நெதர்லாந்துக் கால்பந்தில் 1986 முதல் 2004 வரை நடந்த கோச் மாற்றங்களை ஆராய்ந்தார். மாற்றத்துக்குப் பின் அணிகள் தேறியது உண்மைதான். ஆனால் அதே அளவு சரிந்தும் கோச்சை மாற்றாத அணிகளும் அதேபோலத் தேறின. மிக மோசமான நாட்களுக்குப் பிறகு எந்த அணியும் தன் இயல்பான நிலைக்குத் திரும்பும். அந்தத் திருப்பத்தின் புகழ் புதிதாக வந்தவருக்குப் போய்ச் சேர்கிறது, பழி பழையவரோடு போகிறது. பெங்களூரில் கோச் சைமன் கிரேசனுக்கு நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். 2022இல் டுராண்ட் கோப்பை, அதே சீசனில் லீக்கில் தொடர்ச்சியாக எட்டு வெற்றி, இறுதி ஆட்டத்தில் பெனால்டியில்தான் தோல்வி. அடுத்த சீசனுக்குள் ராய் கிருஷ்ணா ஒடிசாவுக்கும் சந்தேஷ் ஜிங்கான் கோவாவுக்கும் போய்விட்டார்கள். 2023 டிசம்பரில் சொந்த மைதானத்தில் மும்பையிடம் 0-4 என்று தோற்றதும் கிரேசனும் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் ஜெரார்ட் சரகோசா. குவாட்ராத்தின் உதவியாளராக முன்பே இந்தக் கிளப்பில் வேலை பார்த்தவர். வந்ததும் மாயம் ஏதும் நடக்கவில்லை, பெங்களூரு அந்த சீசனைப் பத்தாவது இடத்தில் முடித்தது. இவரையும் தூக்கு என்ற குரல் எழக்கூடிய நிலைதான். கிளப் அவரை வைத்துக்கொண்டது. அடுத்த சீசனில் லீக்கில் மூன்றாமிடம், நாக்அவுட்டில் மும்பையை 5-0 என்று நொறுக்கியது, 2025 ஏப்ரலில் சால்ட் லேக்கில் இறுதி ஆட்டம், கூடுதல் நேரத்தில் மோகன் பகானிடம் 1-2 தோல்வி. ரோகாவின் உதவியாளரான குவாட்ராத் கோப்பை வென்றதும், குவாட்ராத்தின் உதவியாளரான சரகோசா இறுதி வரை வந்ததும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஒரே ஆட்டமுறையைத் தெரிந்தவர்கள் வரிசையாக வந்தபோது அந்தக் கிளப் நன்றாக ஆடியிருக்கிறது. நடுவில் வேறு திசையிலிருந்து ஆள் எடுத்தபோது கிடைத்த வெற்றி நீடிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் யாரைத் தொடர்ந்து யார் வந்தார் என்பதை அடுக்கிப் பார்த்தால் போதும், பொதுவில் கிடைக்கும் தகவலே இதைக் காட்டிக்கொடுக்கும்.

அப்படியென்றால் கோச்சை மாற்றவே கூடாதா? இந்த வாதத்துக்கு எதிரான மிக வலுவான சாட்சி ஓவன் காயல்தான், அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 2019-20இல் கிரெகரியின் கீழ் சென்னை முதல் ஆறு ஆட்டங்களில் ஒன்றை மட்டும் வென்றிருந்தது. காயல் டிசம்பரில் வந்தார். அதே வீரர்கள்: வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, சாங்டே, அனிருத் தாபா. முன்னால் போய்ப் பந்தைப் பிடுங்கச் சொன்னார், வேகத்தைக் கூட்டினார். அணி நான்காவதாக முடித்து, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டங்களில் சேர்த்து 6-5 என்று தாண்டி இறுதிக்குப் போனது. இங்கே கோச்தான் வித்தியாசம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடைசி இடத்தில் முடித்த பிறகும் கிளப் கிரெகரியிடம் பொறுமை காட்டியது, அந்தப் பொறுமைக்குப் பலன் வரவில்லை என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் காயலே 2023இல் திரும்பி வந்து இரண்டு சீசன்கள் இருந்தபோது, இரண்டாவது சீசனில் சென்னை 13 அணிகளில் 11ஆவது. 2019இல் இருந்த அணி அவர் கேட்டதைச் செய்யக் கூடியதாக இருந்தது. 2024இல் இருந்தது வேறு அணி. ஆக மாற்றலாமா வேண்டாமா என்ற கேள்விக்குப் பொது விடை கிடையாது. இந்த வீரர்களுக்கு இந்த ஆள் பொருந்துவாரா என்று ஒவ்வொரு முறையும் தனியாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. பெயரையும் கோப்பைக் கணக்கையும் மட்டும் பேசும் விவாதத்தால் அந்தக் கேள்விக்குள் நுழையவே முடியாது.

இன்னொரு குறை நேரம் பற்றியது. இதைத்தான் நான் மிகவும் கடுமையாகப் பார்க்கிறேன். நாற்காலி காலியானபின் எழும் சத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஒப்பந்தம் போடும்போது எழுவதில்லை. இந்திய அணிக்கு இகோர் ஸ்டிமாச் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 2023இல் அணி தெற்காசியக் கோப்பை உட்படச் சில கோப்பைகளை வென்றது. எல்லோரும் மகிழ்ச்சியில் இருந்த அந்த அக்டோபரில் அவருடைய ஒப்பந்தம் 2026 வரை நீட்டிக்கப்பட்டது. என்ன இலக்கு, எந்தக் கட்டத்தில் விலக்கலாம், விலக்கினால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அப்போது ரசிகர் தரப்பிலிருந்து உரத்த கேள்வி வரவில்லை. 2024 மார்ச்சில் குவாஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2 தோல்வி. ஜூனில் கத்தாரிடம் தோற்று உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றிலிருந்து வெளியேற்றம். அப்போதுதான் நாடே கொதித்தது. அவரை நீக்கினார்கள்; கடைசியில் 4 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்துக் கணக்கு முடிந்தது. சிறார் லீக்குகளுக்கே பணம் பற்றாத ஒரு விளையாட்டில் இது எவ்வளவு பெரிய தொகை! கோபம் வந்த நாளில் செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை, பணம் அக்டோபரிலேயே கைமாறிவிட்டது போலத்தான். வெற்றி பெற்ற வாரத்தில் கேட்கப்படும் ஒரு கேள்விக்கு, தோற்ற வாரத்தில் எழும் நூறு கோஷங்களை விட மதிப்பு அதிகம்.

வெளியில் இருப்பவனுக்கு முடிவுகள் மட்டும்தானே தெரியும், பயிற்சி மைதானத்தில் நடப்பது அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆனால் பாதிதான் சரி. டிவியில் பார்ப்பவருக்கே தெரியக்கூடியவை நிறைய உண்டு. பந்தை இழந்த அடுத்த சில விநாடிகளில் அணி முன்னால் பாய்கிறதா, பின்வாங்குகிறதா? எதிரணிக்குக் கார்னர் கிடைத்தால் தூரக் கம்பத்தில் யார் நிற்கிறார்கள், ஒவ்வொரு ஆட்டத்திலும் அதே ஆளா? எழுபதாவது நிமிடத்தில் ஒரு கோல் பின்தங்கினால் கோச் எழுப்பி அனுப்புவது யாரை, வயதான வெளிநாட்டு வீரரையா, 20 வயது உள்ளூர்ப் பையனையா? ஒரு சீசன் முழுக்க இவற்றைக் கவனித்த ரசிகரிடம், முடிவுப் பட்டியலை மட்டும் வைத்திருக்கும் நிர்வாகியைவிட உருப்படியான மதிப்பீடு இருக்கும். கண்டீரவாவில் இரவு ஏழரை ஆட்டம் பார்த்துவிட்டு ஓசூர் பஸ் பிடித்து, அங்கிருந்து சூளகிரி வந்து, காலை முதல் ஷிப்டுக்கு எழுந்து போகிறவருக்கு ஆட்டத்தைக் கவனிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ வந்தபின் அந்தப் பயணம் கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது, அவ்வளவுதான். இவ்வளவு செலவழித்துச் சேர்த்த கவனம், விவாதம் தொடங்கியதும் ‘கோச்சை மாத்து’ என்ற இரண்டு சொல்லாகச் சுருங்கிப்போவதுதான் எனக்கு வருத்தம்.

ரசிகர் பேசி என்ன ஆகப்போகிறது, முடிவெடுப்பவர் முதலாளிதானே என்ற சலிப்பும் பரவலாக இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. ரசிகர் கோபத்தைத் தணிக்கக் கிளப்புகளுக்கு மிகச் சுலபமான வழி கோச்சை அனுப்புவது. 11 வீரர்களை மாற்ற முடியாது, முதலாளி தன்னை மாற்றிக்கொள்ள மாட்டார், கோச் ஒருவர்தான். ரசிகர் கோஷம் ஒரு பெயரை மட்டும் குறிவைக்கும்போது, அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். கேரளத்தில் இந்த வழக்கம் உடைந்தது. 2024 டிசம்பரில் பிளாஸ்டர்ஸ் கிளப் மிக்கேல் ஸ்டாரேயை நீக்கியபோது, மஞ்சப்படை ரசிகர் அமைப்பு அதோடு அடங்கவில்லை; நிர்வாகத்துக்கு எதிரான தன் போராட்டத்தைத் தொடர்ந்தது. கோச்சுகளை மாற்றிக்கொண்டே போகிறீர்கள், வீரர்களை யார் எடுக்கிறார்கள், யார் விற்கிறார்கள் என்று கேட்டது. ரசிகர் விவாதம் முதிர்ச்சியடைந்ததற்கு இந்திய அளவில் நான் காட்டக்கூடிய நல்ல உதாரணம் அதுதான். அந்தக் கேள்வி எவ்வளவு அவசியமானது என்பது 2025 ஆகஸ்டில் எல்லோருக்கும் உறைத்தது. லீக்கின் உரிமை ஒப்பந்தம் முடியும் தறுவாயில் அடுத்த சீசன் நடக்குமா என்றே தெரியாமல் போனது. பெங்களூரு முதல்நிலை அணியின் ஊதியத்தை நிறுத்திவைத்தது, சென்னையும் செயல்பாட்டை நிறுத்தியது. சம்பளமே நின்ற இடத்தில் எந்தக் கோச் வந்தால் என்ன?

இந்தியரையே கோச்சாக வைக்க வேண்டும் என்ற கோரிக்கை ரசிகர் விவாதத்தின் பலமும் குறையும் ஒன்றாகத் தெரியும் இடம். இதை நீண்ட காலம் உயிரோடு வைத்திருந்தவர்கள் ரசிகர்கள்தான். சையத் அப்துல் ரஹீம் என்ற ஹைதராபாத்துக்காரரின் கீழ்தான் இந்தியா 1956 ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தது, 1962இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்றது; கூட்டமைப்பு மறந்தாலும் அவர்கள் மறக்கவில்லை. காலித் ஜமீல் 2016-17இல் ஐஸ்வாலை ஐ-லீக் சாம்பியனாக்கியதையும் மறக்கவில்லை. 2025 ஆகஸ்டில் அவர் தேசிய அணிக்குத் தேர்வானபோது அது ரசிகர் நினைவாற்றலுக்குக் கிடைத்த வெற்றியாகவும் இருந்தது. முதல் போட்டித் தொடரிலேயே தஜிகிஸ்தானை வென்று, ஓமனைப் பெனால்டியில் வீழ்த்தி மூன்றாமிடம் பிடித்தார், ஊரெல்லாம் பாராட்டு. அக்டோபரில் ஃபடோர்டாவில் சிங்கப்பூரிடம் 1-2, நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. ஆசியக் கோப்பை வாய்ப்பு போனதும் பாராட்டியவர்களே திரும்பினார்கள். இந்தியர் என்பதற்காக ஆதரித்தவர்களுக்கு, தோற்றதும் ஆதரிக்க வேறு காரணம் கையில் இல்லை. அவர் எந்த ஆட்டமுறையைக் கொண்டுவர வேண்டும், எத்தனை ஆண்டில் என்று முதலிலேயே பேசியிருந்தால், அந்தத் தோல்விகளை அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்திருக்கலாம். அந்த அளவுகோலில் அவர் தேறாமலும் போயிருக்கலாம். அப்போது அதைக் காரணத்தோடு சொல்லியிருக்க முடியும்.

2025இல் அதே சோதனை சென்னைக்கும் வந்தது. பல ஆண்டுகள் உதவியாளராக இருந்த நம் ஊர் சபீர் பாஷாவுக்கு 2022இல் சீசன் முடியும் நேரத்தில் இடைக்காலப் பொறுப்பு மட்டும் கொடுத்த கிளப், அந்த ஆண்டு கோவாவைச் சேர்ந்த கிளிஃபோர்ட் மிராண்டாவைத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தது. மிராண்டாவைப் பெங்களூரு ரசிகர் நன்றாக அறிவார்: 2023 ஏப்ரலில் கோழிக்கோட்டில் ஒடிசாவின் இடைக்காலக் கோச்சாக நின்று, சூப்பர் கோப்பை இறுதியில் பெங்களூரை 2-1 என்று தோற்கடித்தவர் அவர்தான். சென்னை ரசிகர் அவரைக் கொண்டாடும்போது பெங்களூரு ரசிகர் கேட்க வேண்டியது, அந்தத் தொடரில் ஒடிசா எப்படி ஆடியது, அதைச் செய்யச் சென்னையில் யார் இருக்கிறார்கள் என்பது. சென்னை ரசிகர் தன் கிளப்பிடம் கேட்க வேண்டியது, அவரோடு எத்தனை ஆண்டுக்கு ஒப்பந்தம், வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் அவர் வார்த்தைக்கு எவ்வளவு இடம், அகாடமிப் பையன்களுக்கு எத்தனை நிமிடம் என்பது. இரண்டு கேள்விகளையும் ஒரே நாளில், ஒரே ஷிப்ட் இடைவேளையில் கேட்கக்கூடிய ஆட்கள் சூளகிரியில் இருக்கிறார்கள், அதுவும் ஒரு பெரிய தோல்வி வரும்வரை காத்திருக்காமல்.